ஸ்லீப்பிங் பேக் வாங்கப் போறீங்களா, மொதல்ல கம்ஃபர்ட் நம்பர பாருங்க

டிசம்பர் வந்தாலே உத்தரகாண்ட்ல இருக்குற கேதார்கந்தாவுக்கு பனி ட்ரெக் போறோம், கொடைக்கானல்ல டென்ட் போடப் போறோம், எந்த ஸ்லீப்பிங் பேக் வாங்கலாம்னு கேட்டு மெசேஜ் வர ஆரம்பிச்சிடும். கூடவே ஆன்லைன்ல பாத்த ஒரு லிங்க்கும் இருக்கும், அதுல பேக் மேலயே பெருசா மைனஸ் 10னு அச்சடிச்சிருப்பாங்க, எடை ஒரு கிலோ, விலை ரெண்டாயிரத்துக்குள்ள. இந்த மூணும் ஒரே பேக்ல உண்மையா இருக்க வாய்ப்பே இல்லங்க. ஒரு கிலோ எடையில பாலியஸ்டர் பஞ்சு, துணி, ஜிப் எல்லாம் சேத்து, மைனஸ் 10ல ஒரு ஆள நிம்மதியா தூங்க வைக்க முடியாது. இத கொஞ்சம் விரிவாவே சொல்லிடுறேன், ஏன்னா இத தப்பா வாங்கினா காசு போறதோட முடியாது, மலை மேல ராத்திரி 2 மணிக்கு குளிர் ஏறுச்சுன்னா போய் வாங்க கடையும் கிடையாது எறங்கி வர வழியும் கிடையாது, விடியிற வரைக்கும் நடுங்கிட்டே கெடக்கணும்.

பேக்க பாக்குறதுக்கு முன்னாடி போற எடத்தோட ராத்திரி குளிர் எவ்ளோன்னு தெரியணும். போன்ல வெதர் ஆப்ல பக்கத்து டவுனோட டெம்பரேச்சர் தான் காட்டும், நீங்க படுக்கப் போற எடம் அதுக்கு மேல இருக்கும். பொதுவா 1000 மீட்டர் ஏறினா ஆறு ஆறரை டிகிரி கொறையும்னு வெச்சுக்கலாம். தேனில ஜனவரி ராத்திரி 20 டிகிரி இருக்குன்னா, அதுக்கு 1800 மீட்டர் மேல இருக்குற கொடைக்கானல் பக்கம் 8, 9 டிகிரிக்கு வந்துடும், காத்து அடிச்சா இன்னும் குளிரும். அதோட இன்னொண்ணு, மேகம் இல்லாம காத்தும் இல்லாம வானம் தெளிவா இருக்குற ராத்திரில குளிர் காத்து எறங்கி பள்ளத்துல தேங்கிடும். ஊட்டில உறைபனி விழுந்துச்சுன்னு பேப்பர்ல போட்டோ வரும்ல, பாருங்க, காந்தல், தலைக்குந்தா மாதிரி தாழ்வான எடம் தான் அதுல அடிக்கடி இருக்கும். அதனால ஓடை பக்கத்துல பச்சப்பசேல்னு சமமா இருக்குற புல்வெளி டென்ட் போட அழகா தெரிஞ்சாலும் ராத்திரி மேட்டுல இருக்குறத விட நல்லாவே குளிரும். ஏலகிரி, ஏற்காடு அளவு உயரத்துக்கு பெருசா யோசிக்க வேண்டாம், ஒரு மெல்லிசான பேக் இல்ல நல்ல கம்பளியே போதும். கொடை, ஊட்டி, மூணாறு, கொழுக்குமலை, மீசப்புலிமலைன்னா டிசம்பர் ஜனவரில 5 டிகிரிக்கு தயாரா இருக்கணும், சில வருஷம் பூஜ்யம் வரைக்கும் கூட எறங்கும். கேதார்கந்தா மாதிரி பனி ட்ரெக்ல 3400 மீட்டர்ல இருக்குற பேஸ் கேம்ப்ல மைனஸ் 5ல இருந்து மைனஸ் 10 வரைக்கும் சாதாரணமா போகும்.

இப்போ அந்த நம்பருக்கு வருவோம். ஐரோப்பால 2002ல ஈ.என். 13537னு ஒரு ஸ்டாண்டர்ட் கொண்டு வந்தாங்க, 2016ல அது ஐ.எஸ்.ஓ. 23537னு மாறுச்சு. ஒரு பொம்மைக்கு சூடு ஏத்தி, முழுக்கை டிரஸ்ஸும் சாக்ஸும் போட்டு, கீழ மேட் விரிச்சு, பேக்குக்குள்ள படுக்க வெச்சு குளிர் ரூம்ல எவ்ளோ சூடு வெளிய போகுதுன்னு அளப்பாங்க. அதுல இருந்து கணக்கு பண்ணி சொல்ற நம்பர்கள்ல நமக்கு வேண்டியது மூணு. கம்ஃபர்ட்னா சராசரி உடம்பு உள்ள ஒரு பொண்ணு கை கால தளர்த்திப் போட்டு குளிரே தெரியாம தூங்குற அளவு. லிமிட்னா சராசரி உடம்பு உள்ள ஒரு ஆம்பள சுருண்டு படுத்து நடுங்காம ராத்திரிய ஓட்டுற அளவு. எக்ஸ்ட்ரீம்னா ஒரு பொண்ணு ஆறு மணி நேரம் உயிரோட இருக்கலாம்ங்கிற அளவு, அவ்ளோ தான், அந்த குளிர்ல தூக்கம் வராது, உடம்பு சூடு எறங்கி ஆபத்தாகவும் வாய்ப்பு இருக்கு.

இந்த மூணுக்கும் நடுவுல எவ்ளோ இடைவெளி இருக்குன்னு தெரிஞ்சா ஆச்சரியப்படுவீங்க. கம்ஃபர்ட் 0 டிகிரி இருக்குற பேக்குக்கு லிமிட் மைனஸ் 5, 6 கிட்ட வரும், எக்ஸ்ட்ரீம் மைனஸ் 22, 23 வரைக்கும் போகும். எல்லாமே ஒரே பேக் தான். அப்போ வெறும் மைனஸ் 10னு மட்டும் போட்டு அது எந்த நம்பர்னு சொல்லாத பேக் எக்ஸ்ட்ரீமத்தான் போட்டிருக்குன்னா அதோட கம்ஃபர்ட் 8, 9 டிகிரி தான் இருக்கும், அதாவது கொடைக்கானலுக்கே இழுத்துப் பிடிச்சு தான் வரும். பல மலிவான பேக்ல டெஸ்டே பண்ணாம சும்மா ஒரு நம்பர போட்டுடுறாங்க, அது இன்னும் மோசம். அதனால டேக்ல கம்ஃபர்ட், லிமிட், எக்ஸ்ட்ரீம்னு தனித்தனியா போட்டிருக்கா, ஈ.என். இல்ல ஐ.எஸ்.ஓ. நம்பர் இருக்கான்னு பாருங்க, இல்லன்னா அந்த நம்பர கணக்குலயே எடுத்துக்காதீங்க. டெகாத்லான் மாதிரி கடைல பேக் பேர்லயே இருக்குற 10 டிகிரி, 5 டிகிரிங்கிறது பெரும்பாலும் கம்ஃபர்ட் தான், ஆனாலும் உள்ள தச்சிருக்குற லேபிள ஒரு தடவ படிச்சிடுங்க.

ஆம்பளையோ பொண்ணோ கம்ஃபர்ட் நம்பர வெச்சு தான் வாங்கணும்ங்கிறது என்னோட கருத்து. லிமிட்டுக்கு கணக்கு பண்ணினது சுருண்டு படுக்குற ஆள வெச்சு, நாம ஏழு எட்டு மணி நேரம் நடந்துட்டு வந்து அப்படி சுருண்டு கெடந்தா அடுத்த நாள் நடக்குறதுக்கு தெம்பு எங்க இருக்கும். அதோட சென்னை, மதுரை, திருச்சின்னு வருஷம் பூரா 25 டிகிரிக்கு மேலயே தூங்கிப் பழகின ஆளுங்க நாம, களைப்பு, சரியா சாப்பிடாதது, உயரத்தால வர்ற தலைவலி இதெல்லாம் சேந்தா அந்த டெஸ்ட் பொம்மைய விட நமக்கு குளிர் அதிகமா தெரியும். போற எடத்துல 5 டிகிரி எதிர்பாத்தா கம்ஃபர்ட் 0 வாங்குங்க, எதிர்பாக்குற குளிர விட ஒரு அஞ்சு டிகிரி கூடுதலா தாங்குற மாதிரி. சூடு அதிகமா இருந்தா ஜிப்ப தெறந்துக்கலாம், கொறைச்சலா இருந்தா ஒண்ணும் பண்ண முடியாது.

லேபிள் இல்லாத பேக் கைல கெடச்சா எப்படி கண்டுபிடிக்கிறதுன்னா, எடையும் உப்பலும் பாத்தா ஓரளவு தெரிஞ்சிடும். சிந்தெடிக்ல, அதாவது பாலியஸ்டர் பஞ்சுல, கம்ஃபர்ட் 0 கிட்ட வரணும்னா பேக் ஒன்றரை கிலோவுக்கு மேல தான் இருக்கும், டவுன்னு சொல்ற வாத்து இறகுன்னா ஒரு கிலோ கிட்ட. பைல இருந்து எடுத்து ஒதறி தரைல விரிச்சு ஒரு மணி நேரம் விடுங்க. நல்ல பேக்னா உள்ள காத்து புகுந்து மெத்துன்னு எழும்பி நிக்கும், அப்படியே தட்டையா கெடந்துச்சுன்னா லேபிள்ல என்ன எழுதியிருந்தாலும் அது குளிர் தாங்காது. நம்ம உடம்பு சூட்ட பிடிச்சு வெக்கிறது பஞ்சுக்கு நடுவுல நிக்கிற காத்து தான், உப்பல் இல்லன்னா அந்த காத்தும் இல்ல.

டவுனா சிந்தெடிக்கா? டவுன்ங்கிறது வாத்தோட நெஞ்சுப் பகுதில இருக்குற மெல்லிய பூ இறகு, எடைக்கு எடை பாத்தா இத விட சூடு தர்ற பொருள் கெடைக்குறது கஷ்டம், நல்லா அமுக்கி சின்னதா சுருட்டலாம், ஒழுங்கா பாத்துக்கிட்டா பத்து வருஷத்துக்கு மேல ஒழைக்கும். ஃபில் பவர் 550, 650, 800னு போட்டிருப்பாங்க, ஒரு அவுன்ஸ் டவுன் எத்தன கன அங்குலத்துக்கு உப்புதுங்கிற கணக்கு அது. ஆனா ஃபில் பவர மட்டும் பாத்து ஏமாறாதீங்க, உள்ள எத்தன கிராம் அடைச்சிருக்காங்கன்னும் பாக்கணும், 800 ஃபில் பவர்ல 250 கிராம் போட்டத விட 650ல 600 கிராம் போட்டது தான் சூடா இருக்கும். டவுனோட பெரிய பலவீனம் ஈரம், நனைஞ்சா உப்பல் மொத்தமும் போயிடும், மலை மேல அத காய வைக்கவும் முடியாது. சிந்தெடிக் கனமா இருக்கும், பைல எடத்த அடைக்கும், அமுக்கி அமுக்கி சில வருஷத்துல உப்பலும் கொறையும், ஆனா லேசா நனைஞ்சாலும் ஓரளவு சூட்ட விடாது, விலையும் கம்மி, துவைக்குறதும் சுலபம்.

மேற்குத் தொடர்ச்சி மலைக்கு சிந்தெடிக் தான் என் தேர்வு. அங்க குளிர விட பனிமூட்டமும் ஈரமும் தான் தொல்லை, காலைல 5 மணிக்கு டென்ட்டுக்குள்ள டார்ச் அடிச்சுப் பாத்தா நம்ம மூச்சுக் காத்தே உள்பக்கத் துணில முத்து முத்தா கோத்து நிக்கும், கால நீட்டினதுல பேக்கோட அடிப்பக்கம் டென்ட் சுவத்துல ஒட்டிக்கிட்டு அந்த எடம் மட்டும் நனைஞ்சு சில்லுன்னு கெடக்கும். இமயமலைல குளிர் காலம் அத விட உலர்வா இருக்கும், முதுகுல தூக்குற எடையும் அங்க தான் உறுத்தும், அடிக்கடி போறவங்க அங்க டவுனுக்கு செலவு பண்ணலாம். இறகு எடுக்குறதுல மனசு ஒப்பாதவங்க சிந்தெடிக்கே வாங்கிக்கோங்க, நல்ல தரத்துல கெடைக்குது, அரைக் கிலோ கூட தூக்கணும் அவ்ளோ தான். டவுன் வேணும், பறவைகள உயிரோட இருக்கும்போதே பிடுங்கினதா இருக்கக் கூடாதுன்னு நெனைக்கிறவங்க ஆர்.டி.எஸ்.னு (ரெஸ்பான்சிபிள் டவுன் ஸ்டாண்டர்ட்) முத்திரை இருக்கான்னு பாருங்க.

வடிவத்துல பெருசா குழப்பிக்க வேண்டாம். குளிருக்கு மம்மி தான், தோள்ல அகலமா கால்ல குறுகலா தலைக்கு தொப்பியோட இருக்கும், உள்ள வெத்து எடம் கம்மிங்கிறதால சீக்கிரம் சூடாகும். செவ்வக வடிவம் 10 டிகிரிக்கு மேல இருக்குற எடத்துக்கு நல்லது, முழுசா தெறந்து ரெண்டு பேர் போத்திக்கவும் ஆகும். ஒருக்களிச்சு படுக்குறவங்களுக்கு ரொம்ப இறுக்கமான மம்மி ஒத்து வராது, முட்டி மடக்க எடம் இருக்கான்னு பாக்கணும். உயரம் முக்கியம், கால் நீட்டினா அடிப்பக்கம் இடிக்கக் கூடாது, இடிச்சா அங்க பஞ்சு அமுங்கி கால் வெறைக்கும், அதுக்காக ஓரடி நீளம் அதிகமா வாங்கினா அந்த வெத்து எடத்தையும் நம்ம உடம்பு தான் சூடாக்கணும்.

கடைல வாங்குறீங்கன்னா வெக்கப்படாம உள்ள எறங்கி படுத்துப் பாருங்க. ஜிப்ப உள்ள இருந்து ஒரு கைல போட்டுத் தெறந்து பாருங்க, துணில மாட்டுதான்னு கவனிங்க, ராத்திரி அவசரத்துக்கு எழுந்திருக்கும்போது மாட்டினா ரொம்பக் கஷ்டம். ஜிப்புக்கு உள்பக்கமா முழு நீளத்துக்கு பஞ்சு வெச்ச ஒரு பட்டை ஓடணும், அது இல்லன்னா ஜிப் வழியாவே குளிர் உள்ள வரும். 0 டிகிரிக்குக் கீழ போறவங்களுக்கு கழுத்தச் சுத்தி ஒரு காலர் கட்டாயம் வேணும், தொப்பிக் கயித்த இழுத்தா மூக்கும் வாயும் மட்டும் வெளிய தெரியிற மாதிரி மூடணும். அப்புறம் பேக்க வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பிடிச்சு தையல பாருங்க, மேல்துணியும் உள்துணியும் சேத்து ஒரே தையலா போட்டிருந்தா அந்தக் கோடு பூரா பஞ்சே இருக்காது, 5 டிகிரி வரைக்கும் பரவாயில்ல, பனிக்கு ஆகாது.

இவ்ளோ சொல்லியும் பாதி தான் முடிஞ்சிருக்கு, மீதிப் பாதி கீழ விரிக்கிற மேட். நம்ம எடைல பேக்கோட அடிப்பக்கப் பஞ்சு முழுசா அமுங்கிடும், அப்புறம் முதுகுக்கும் மண்ணுக்கும் நடுவுல அந்த மேட் மட்டும் தான். எட்டாயிரம் ரூபாய்க்கு பேக் வாங்கிட்டு யோகா மேட் விரிச்சு படுத்துட்டு பேக் சரியில்லன்னு சொல்றவங்க நெறைய பேர். மேட்டுக்கு ஆர் வேல்யூன்னு ஒரு நம்பர் உண்டு, நம்ம சூடு தரைக்குப் போகாம எவ்ளோ தடுக்குதுன்னு சொல்றது அது, கூட இருந்தா நல்லது, 2018ல வந்த ஏ.எஸ்.டி.எம். எஃப்3340 ஸ்டாண்டர்ட்படி அளந்ததா இருந்தா ஒரு கம்பெனியோடத இன்னொண்ணோட ஒப்பிட்டுப் பாக்கலாம். நல்ல மடிக்கிற ஃபோம் மேட் 2 கிட்ட வரும், கொடைக்கானல் மாதிரி எடத்துக்கு அது போதும். பனி மேல படுக்கணும்னா 4, 5 வேணும். இந்த நம்பர கூட்டிக்கலாம்ங்கிறது பெரிய வசதி, 2 உள்ள ஃபோம் மேட் மேல 3 உள்ள காத்தடிக்கிற மேட்ட போட்டா 5 ஆயிடும், காத்து மேட் ஓட்டையானாலும் ஃபோம் காப்பாத்தும். சாதா பாயும், வெறுமனே காத்து மட்டும் நெறச்ச பீச் மெத்தையும் குளிருக்கு ஒதவாது. கைல இருக்குற பணம் ரெண்டுக்கும் பத்தாதுன்னா பேக்ல கொஞ்சம் கொறைச்சுக்கிட்டு மேட்ட நல்லதா வாங்குங்க.

எத வாங்குறது எத வாடகைக்கு எடுக்குறது? வருஷத்துக்கு ஒரு பனி ட்ரெக் தான் போவீங்கன்னா அதுக்குன்னு மைனஸ் 10 பேக் வாங்க வேண்டாம், கேதார்கந்தாவுக்கு கெளம்புற சாங்க்ரி மாதிரி ஊர்ல ட்ரெக் நடத்துறவங்களே தருவாங்க இல்ல வாடகைக்கு கெடைக்கும். புக் பண்ணும்போதே கம்ஃபர்ட் எவ்ளோ, கீழ என்ன மேட் தருவீங்கன்னு கேட்டுடுங்க. பல பேர் படுத்த பேக்குங்கிறதால பேக்குக்குள்ள போட்டுக்கிற லைனர் ஒண்ணு சொந்தமா கொண்டு போங்க, சில்க்கோ மைக்ரோஃபைபரோ, தெரிஞ்ச டெய்லர்கிட்ட மெல்லிசான துணில உறை மாதிரி தச்சு வாங்கினாலும் சரி. லைனர் போட்டா 8 டிகிரி, 10 டிகிரி சூடு கூடும்னு விளம்பரம் பண்ணுவாங்க, நம்பாதீங்க, ரெண்டு மூணு டிகிரி கெடச்சாலே நல்லது, அதோட முக்கிய வேலை சுத்தம் தான். தமிழ்நாட்டுல இருக்குறவங்க சொந்தமா மொதல்ல வாங்க வேண்டியது கம்ஃபர்ட் 5 டிகிரி கிட்ட இருக்குற ஒரு சிந்தெடிக் மம்மி, வருஷம் பூரா நம்ம மலைக்கு அதான் ஒதவும், ரொம்பக் குளிரான சமயத்துக்கு மட்டும் மேல ஒரு கம்பளி போட்டுக்கலாம், வடக்க போகும்போதும் வாடகை பேக் பத்தலன்னா அதுக்குள்ள இதையும் விட்டு ரெண்டையும் சேத்துக்கலாம். சின்னப் பசங்களுக்கு பெரியவங்க பேக் குடுத்தா கால் பக்கம் வெத்தா கெடக்கும், அந்த அடிப்பகுதிய மடிச்சு கீழ விட்டுடுங்க, ஆனா தலை உள்ள போகாம பாத்துக்கணும்.

நல்ல பேக் இருந்தும் குளிருதுன்னா பெரும்பாலும் படுக்குற விதத்துல தான் கோளாறு. பேக் சூட்ட உண்டு பண்ணாது, நம்ம உடம்பு தர்றத தான் பிடிச்சு வெக்கும், அதனால வெறைச்சுப் போய் உள்ள எறங்காம கொஞ்சம் நடந்துட்டு, சூடா சாப்பிட்டுட்டு எறங்கணும், கடலை மிட்டாய் ரெண்டு பக்கத்துல வெச்சுக்கங்க, நடுராத்திரி குளிர் தெரிஞ்சா கைகொடுக்கும். நாள் பூரா வேர்வைல நடந்த டிரஸ்ஸோட படுக்காதீங்க, தூங்குறதுக்குன்னு ஒரு செட் உலர்ந்த டிரஸ்ஸும் சாக்ஸும் தனியா பாலிதீன்ல கட்டி எடுத்துட்டு போங்க. ஒண்ணும் போடாம படுத்தா தான் பேக் நல்லா சூடாகும்னு ஒரு பேச்சு சுத்துது, அது தப்பு, பஞ்ச அமுக்காத அளவுக்கு எவ்ளோ போட்டாலும் நல்லது தான். நல்லா மூடுற பாட்டில்ல வெந்நீர் ஊத்தி சாக்ஸுக்குள்ள போட்டு தொடைக்கு நடுவுல வெச்சா ரொம்ப நேரம் இதமா இருக்கும். ஒண்ணுக்கு வந்தா அடக்கிட்டு படுக்காதீங்க, தூக்கம் தான் கெடும். முகத்த உள்ள விட்டு மூச்சு விடாதீங்க, ஈரம் பூரா பஞ்சுல ஏறிடும். முக்கியமா, என்ன குளிரா இருந்தாலும் கரி அடுப்போ கேஸ் ஸ்டவ்வோ டென்ட்டுக்குள்ள வெச்சு மூடிட்டு படுக்காதீங்க, அதுல வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, தூக்கத்துலயே உயிர் போயிடும், அப்படி எத்தனையோ பேர் போயிருக்காங்க.

வீட்டுக்கு வந்ததும் அப்படியே பைக்குள்ளயே விட்டுடாதீங்க. நம்ம ஊர் புழுக்கத்துல, அதுலயும் கடலோர ஊர்னா, ஈரத்தோட சுருட்டி வெச்ச பேக் சீக்கிரமே பூஞ்சை பிடிச்சு நாத்தம் அடிக்கும், அது போகவும் போகாது. ரெண்டு நாள் நிழல்ல காத்தோட்டமா கொடில போட்டுட்டு, அமுக்காம பெரிய காட்டன் பைல லூசா போட்டு பீரோ மேல வைங்க, பழைய ரெட்டைக் கட்டில் பெட்ஷீட்ட பை மாதிரி தச்சாலே போதும். வருஷக் கணக்கா சுருட்டியே வெச்சா எந்தப் பஞ்சும் எழும்பாது. அடிக்கடி துவைக்கவும் வேண்டாம், அழுக்கான எடத்த மட்டும் தொடைச்சு விட்டாலே பல சமயம் போதும். துவைச்சே ஆகணும்னா பெரிய டப்ல கொஞ்சமா மைல்ட் லிக்விட் போட்டு மெதுவா அமுக்கி எடுங்க, டவுன்னா அதுக்குன்னு விக்கிற லிக்விட் தான், துணி மெத்துன்னு இருக்க போடுற சாஃப்ட்னர் கூடவே கூடாது, முறுக்கிப் பிழியவும் கூடாது, ஈரத்தோட ஒரு முனையப் பிடிச்சு தூக்கினா உள்தையல் கிழிஞ்சிடும், அடில கை குடுத்து மொத்தமா தூக்குங்க. டவுன் காயும்போது கையில தொட்டா களி உருண்டை மாதிரி கட்டி கட்டியா இருக்கும், ஃபேனுக்கு அடில விரிச்சு சில மணி நேரத்துக்கு ஒரு தடவ விரலால அந்தக் கட்டிய உதுத்து விட்டுட்டே இருக்கணும், எந்த மூலைலயும் கட்டி தட்டுப்படாத வரைக்கும், நம்ம வீட்டுல இதுக்கு மூணு நாலு நாள் கூட ஆகும், அதனால ட்ரெக் கெளம்புற வாரத்துல துவைக்காதீங்க.